பத்து மணித் தேத்தண்ணி

பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குக் கிளினிக்கில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

என் தம்பி ஜீவனின் பெண்சாதி மதுஷாவுக்கு எட்டாம் மாதம். லுணுகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைத்தாச்சிகளின் இரத்தக்குறைவைப் பற்றி ஒரு பல்கலைக்கழகத்தார் ஆராய்ச்சி நடத்துகிறார்கள். என்ன சாப்பிடுகிறார்கள், இரும்புச்சத்து உடம்பில் எவ்வளவு சேருகிறது என்று பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஏ.எல். வரைக்கும் படித்தவள் என்று என்னை வேலைக்குப் பிடித்துப் போட்டார்கள். தினமும் அவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, என் கண்முன்னே விழுங்க வைத்து, படிவத்தில் சரி போட வேண்டும். மூன்று மாதமாக ஒரு நாள் தவறவில்லை.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த டொக்டர் மொஹிதீன் மதுஷாவின் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தார். ஆரம்பத்தில் ஹீமோகுளோபின் ஒன்பது இருந்தது. போன மாதம் எட்டு. இன்றைக்கு ஏழு.

"மாத்திரை குடிச்சிருந்தா இப்படி இறங்காது. வீசியிருக்காங்க" என்றார்.

ஜீவன் மதுஷாவின் பக்கம் திரும்பினான். "வீசிட்டியா? புள்ளையக் கொல்லப் பாக்குறியா?"

"சத்தியமா இல்லங்க. ஒரு நாள் விடல. அண்ணிக்கிட்ட கேளுங்க" என்று அவள் அழுதாள். அவள் உதடு வெளுத்துக் கிடந்தது.

"முழுங்குனா டொக்டர். நான் பாத்தேன்" என்றேன்.

"நீங்க வீட்டு ஆள், அப்படித்தான் சொல்லுவீங்க. இன்னும் ரெண்டு கிழமைக்கு எழுதித் தாறன். இந்த முறையாவது தண்ணியோட ஒழுங்கா குடிக்கச் சொல்லுங்க."

தண்ணியோடு. நான் கொடுத்தது தண்ணியோடு இல்லை.

எங்கள் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தில், பத்து மணிக்குத் தேத்தண்ணி ஊற்றுவார்கள். பிள்ளைத்தாச்சிகளை அந்த நேரத்துக்கே வரச் சொல்வேன். முதல் வாரம் பச்சைத் தண்ணீரில் கொடுத்தேன். குமட்டுகிறது என்று பாதிப்பேர் வாந்தி எடுத்தார்கள். ஐயோ பாவமே என்று அடுத்த வாரத்திலிருந்து சூடான தேத்தண்ணியைக் கோப்பையில் ஊற்றி என் கையாலேயே நீட்டினேன். மாத்திரை வயிற்றில் தங்கியது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

பயிற்சியில் சொல்லத்தான் சொன்னார்கள், தேத்தண்ணியோடு கொடுக்காதே என்று. தேயிலைக்குள்ளே பிறந்து வளர்ந்தவளுக்குத் தேயிலையைப் பற்றிப் பாடமா என்று மனசுக்குள் சிரித்தேன். திமிர், வேறென்ன? படிவத்திலும் சோறு, பருப்பு, கீரை, முட்டை என்று எல்லாவற்றையும் எழுதினேன். தேத்தண்ணியை எழுதவில்லை. அதை யார் சாப்பாடு என்று சொல்வார்கள்?

சொன்னால் வேலை போகும். போகட்டும். ஆனால் ஜீவன்? அவன் என் முகத்தில் இனி முழிப்பானா? போன வருஷம் மேல் லயத்து வரிசை வீட்டில் ஒருத்தி பிள்ளை பெற்று, இரத்தம் நிற்காமல், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன வேன் பசறை தாண்டுவதற்குள் செத்துப்போனாள். அவளைக் குளிப்பாட்டியதில் நானும் ஒருத்தி. இப்படியே இரண்டு வாரத்து மாத்திரையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால், மதுஷாவையும் நான்தான் குளிப்பாட்ட வேண்டியிருக்கும்.

"தேத்தண்ணியோட குடுத்தேன் டொக்டர்" என்றேன். "தெனமும். நாந்தான் ஊத்திக் குடுத்தேன். அவ மேல தப்பே இல்ல."

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்தார். "இரும்ப உடம்புல சேரவிடாம தேயிலை தடுக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, யசோதினி!" எழுதிய தாளைக் கிழித்துப் போட்டு வேறொன்று எழுதினார். "ரெண்டு கிழமை எல்லாம் காத்திருக்க ஏலாது. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரத்தம் ஏத்த வேண்டி வரும்."

ஜீவன் திட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்று நின்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. பெண்சாதியின் கையைப் பிடித்து மெதுவாக எழுப்பினான். அவன் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இன்னும் எத்தனை பேருக்கு இப்படிக் குடுத்தீங்க?" என்று டொக்டர் கேட்டார்.

"பதினொரு பேருக்கு."

வெளியே வந்து வேனில் ஏறப் போன மதுஷா நின்றாள். மூச்சு வாங்கியது. "அண்ணி, கீழ் லயத்து சுஜீவா அக்காவுக்கு இந்தக் கெழமதான் பிரசவம்னாங்களே. அவங்களுக்குமா?"

அவளுக்கும்தான். படிவத்தில் சுஜீவாவின் நம்பரைத் தேடி போனில் அழுத்தினேன். இரண்டு தரம் நம்பர் தப்பியது. மூன்றாம் தரம் மணி போயிற்று. எடுத்தது பக்கத்து வீட்டுப் பெண்.

"சுஜீவா போன வீட்டுலயே வச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா மிஸ். காலையில வலி கண்டிருச்சு. தோட்டத்து லொரியிலதான் ஏத்திட்டுப் போனாங்க" என்றாள். "ஏன் மிஸ், இன்னைக்கு மாத்திரை குடிச்சாளான்னு கேக்குறீங்களா? நீங்க நேத்துக் குடுத்து வச்சதக் குடிச்சுட்டுத்தான் போனா. நீங்க சொன்ன மாதிரியே, நல்லாச் சாயம் போட்ட தேத்தண்ணி, நானே ஊத்திக் குடுத்தேன்."