சோம்பேறிப் பூ

ஒரே வாரத்தில் நான்காவது பரங்கிப் பிஞ்சும் மஞ்சளடித்து விழுந்தபோது, லசல்ஸ் அதை எடுத்துவந்து சமையலறைப் படியில் மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் வைத்தார்.

"யாரு விரல் நீட்டினது?" என்று வெலரினிடம் கேட்டார். ஆனால் பார்த்தது அவள் மகள் அமோயை.

அமோய்க்கு ஆறு வயது. தம்பி டெவானுக்கு நாலு. அவர்களுடைய அப்பா கனடாவில் ஆப்பிள் பறிக்கப் போயிருந்தார். அப்பாவின் அண்ணன் லசல்ஸ் பின்கட்டு அறையில் இருந்தார். மினிபஸ் ஓட்டாத நேரமெல்லாம் கொல்லையில்தான். ஈஸ்டர் முடிந்த வாரம் வெலரினும் குழந்தைகளும் அந்தச் செம்மண்ணில் ஆறு குழி வெட்டி, ஆட்டெரு போட்டு, பரங்கி விதை ஊன்றினார்கள். எந்தக் குழி யாருடையது என்று ஐஸ்கிரீம் குச்சியில் எழுதி நட்டாள் வெலரின்.

பரங்கிப் பிஞ்சைக் காட்ட வேண்டுமானால் கையை மூடிக்கொண்டு முஷ்டியால் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மோவாயால். விரலை நீட்டினால் பிஞ்சு அழுகிவிடும். நடக்கத் தெரிவதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தெரிந்துவிடும். முதல் பிஞ்சைப் பார்த்த சந்தோஷத்தில் அமோய் மறந்துவிட்டாள். "டெவான், அதோ பாரு, என்னோடது" என்று விரலை நீட்டினாள். அந்தக் கையைப் பட்டென்று தட்டியது வெலரின்தான். அதனால் லசல்ஸ் மீது அவளுக்கு வரும் கோபம் பாதி வழியில் திரும்பி அவள் மீதே வந்து உட்காரும்.

"அழுகல் விரலு" என்று லசல்ஸ் வெளிக் கேட்டில் நின்ற தன் கூட்டாளிகள் இரண்டு பேரிடம் சொல்லிச் சிரித்தார். "இவ நீட்டினா என் பஸ் டயரே பஞ்சராயிடும்போல."

மறுநாள் அமோய் சுட்டுவிரலில் ஒரு கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டாள். புதன்கிழமை டீச்சர் வெலரினைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாசிக்கறப்போ எழுத்துமேல விரல் வைன்னா வைக்கமாட்டேங்கறா, மிஸ் வெலரின். முஷ்டியால காட்டறா. பென்சிலும் பிடிக்கறதில்ல. ஏன்னு கேட்டா, எழுத்து அழுகிடும் மிஸ்ங்கறா."

வீடு வந்து சேர்ந்ததும் வெலரின் மகளை மடியில் இருத்தி, "உன் விரல்ல ஒண்ணும் இல்லடா" என்றாள்.

"நீயும்தானே அடிச்சே, மம்மி."



அந்த மாதம் வெலரின் படிக்கப் போகும் மாலை வகுப்பில் உயிரியல் நடந்துகொண்டிருந்தது. பரங்கியின் பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு. தேனீ இதிலிருந்து அதற்குப் போகாவிட்டால் பிஞ்சு நிற்காது. தான் சரியாக எழுதிக்கொண்டோமா என்று அவளுக்கு எப்போதும் சந்தேகம். பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் நோட்டை வாங்கி ஒத்துப் பார்த்தாள். அதிலும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை, பூக்கள் விரிந்திருக்கும் வேளையில், முதல் குழியிலிருந்து ஆறாவது வரை ஒவ்வொரு கொடியாகப் பார்த்தாள். பெண் பூ ஐந்து. ஆண் பூ ஒன்றுகூட இல்லை. தவறவிட்டிருப்போம் என்று மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். அப்போதுதான் காம்புகள் கண்ணில் பட்டன. எல்லாம் கிள்ளப்பட்டிருந்தன. நுனியில் சாறு இன்னும் காயவில்லை.

டெவான் விளையாட்டு வாளியோடு வந்தான். வாளி நிறைய மஞ்சள் பூ.

"இன்னிக்கு நான் எல்லாத்தையும் பறிச்சுட்டேன், மம்மி."

"எதுக்குடா?"

"சோம்பேறிப் பூ. தொப்பை இல்ல பாரு. எருவைத் தின்னுட்டுச் சும்மா நிக்குதாம். வாளிக்கு ஒரு மிட்டாய் தருவாரு அங்கிள்."

"எத்தனை நாளா?"

"மிட்டாய் ஆரம்பிச்சதுலேருந்து."

வெலரின் போய் லசல்ஸின் கதவைத் தட்டினாள். உடைந்துபோகிற மாதிரி தட்டினாள். பஸ் எப்போதோ கிளம்பிப் போயிருந்தது. திரும்பி வந்து, வாளியில் நசுங்காத பூக்களாகப் பொறுக்கி, இதழைக் கிழித்து, ஐந்து பெண் பூக்களின் நடுவிலும் மகரந்தத்தைத் தேய்த்தாள். அமோய் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியிலிருந்து பார்த்தாள். கிட்டே வரவில்லை.

சாயங்காலம் லசல்ஸ் பஸ்ஸைவிட்டு இறங்குமுன்பே வெலரின் எதிரில் போய் நின்றாள்.

"பிரதர் லசல்ஸ், ஆண் பூவையெல்லாம் பறிக்கச் சொன்னா பிஞ்சு எப்படி நிக்கும்?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே பரங்கி போட்டவன் நான். உங்க ஸ்கூல்ல நோட்டுல காய்க்குதோ?"

"உன் விரல் காரணமில்லன்னு பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. கூட்டாளிங்க முன்னாடி சொன்னீங்கல்ல, அவங்க முன்னாடியே சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா, புரொபசர்?"

அன்று இரவே டெவானின் வாளி அலமாரி மேலே ஏறியது. மிட்டாய் நின்றுபோனதற்கு அவன் இரண்டு நாள் அழுதான். ஐந்து பிஞ்சில் மூன்று நின்றன. பத்து நாளில் முஷ்டியைவிடப் பெரிதாயின.

அந்தச் சனிக்கிழமை சூப்புக்குச் சந்தையில் வாங்கிய பரங்கி. அதோடு கோழிக்கால், வள்ளிக்கிழங்கு. லசல்ஸ் அதே இரண்டு கூட்டாளிகளைக் கொல்லைக்குக் கூட்டிவந்து, மூடிய கையால் கொடியைக் காட்டினார்.

"பாத்தீங்களா? அந்த விரலைக் கட்டினப்புறம் மூணும் எப்படி நிக்குது."

அமோய் காதில் அது விழுந்தது. துணியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

வெலரின் கரண்டியைக் கீழே போட்டாள். நேரே கொடியிடம் போய்க் கையைத் தூக்கினாள். விரல் தானாக மடங்கியது. இருபத்தேழு வருஷப் பழக்கம். அதை இன்னொரு கையால் பிடித்து நிமிர்த்தினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நல்லாப் பாத்துக்குங்க. இனி விழுந்தா அது என் விரல். எம் பொண்ணு விரல்னு இன்னொரு தடவை சொன்னீங்க, கொடியை வேரோட புடுங்கி உங்க பஸ் சீட்டுல போடுவேன்."

"இவளுக்குப் படிப்பு தலைக்கேறிடுச்சு" என்றார் லசல்ஸ் கூட்டாளிகளிடம்.

ஒருவர் மட்டும் சிரித்தார். மற்றவர், "அப்போ விரலால இல்லேன்னா அந்த நாலு ஏன்ப்பா விழுந்துச்சு?" என்றார்.

அமோய் துணியின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். விரல் வெளிறிச் சுருங்கியிருந்தது. அதை நீட்டினாள், பரங்கியை நோக்கியல்ல, லசல்ஸின் சட்டைப் பொத்தானை நோக்கி.

"அங்கிள்தான் பூவைப் பறிக்கச் சொன்னாரு. டெவானுக்கு மிட்டாய் குடுத்தாரு."

"பெரியவங்களைப் பாத்து விரல் நீட்டுது பாரு. கையை இறக்கச் சொல்லு, மிஸ் வெலரின்."

அமோயும் அம்மாவைத்தான் பார்த்தாள், அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு.

உள்ளே சூப் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. போய் இறக்க வேண்டியவள் வெலரின்தான். இறக்கச் சொல்லாமல், மகள் தானாகக் கையை இறக்கும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.