எங்கள் வீட்டு நடுநிலை

சத்யா நாற்காலியில் உட்காரவில்லை. வாசற்படியை ஒட்டித் தரையில் அமர்ந்து என் கணவரை அண்ணாந்து பார்த்தாள். இவர் சோபாவிலிருந்து பாதி எழுந்தார். கீழே உட்காரலாமா வேண்டாமா என்று யோசித்தார். கடைசியில் சோபாவின் நுனிக்கு வந்து அமர்ந்தார். அதுதான் அசோக்குமார்.

“நீங்க பாத்தத சொன்னா போதும் சார். ஒண்ணும் சேத்துச் சொல்ல வாணாம். அவரு கால் போயி வூட்டுல படுத்துகினு இருக்காரு. உங்க வாயிலதான் எங்க பொழப்பு இருக்குதுங்க.”

“நியாயமாத்தான் சொல்லுவேன்மா” என்றார். பார்த்ததைச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. அவள் பாவம், கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் கணவன் சிலம்பரசன் சுரங்கத்தில் காண்டிராக்ட் தொழிலாளி. கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடந்த பழுப்பு நிலக்கரியை அள்ளப் போனவனின் காலை உருளை இழுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற பர்மனென்ட் ஆள் இவர் ஒருவர்தான். அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்து, சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிட முடியாமல் என்னிடம் சொன்னார்: “பெல்ட் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு அகிலா. நிறுத்தச் சொல்லி அந்தப் பையன் கேட்டான். காண்டிராக்டரோட சூப்பர்வைசர்தான் ‘போடா உள்ள’ன்னு விரட்டினான்.” தப்பு யார் மேல் என்று விசாரணையில் எழுதுகிறார்களோ, அதைப் பொறுத்துதான் நஷ்டஈடும் சத்யாவுக்கு ஒரு வேலையும்.

என் கணவர் எந்தச் சங்கத்திலும் இல்லை. மே தினத்துக்குச் செங்கொடிக்காரர்கள் கொடுக்கும் லட்டும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வரும். விஸ்வகர்மா ஜெயந்திக்குக் காவிக்கொடிக்காரர்கள் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலும் வரும். இரண்டையும் ஒரே மாதிரி ரசித்துச் சாப்பிடுவார். டிவியில் விவாதம் ஓடினால், “இடதுசாரிக்குப் பிடிவாதம், வலதுசாரிக்கு வெறி. நியாயம் எப்பவும் நடுவுலதான் இருக்கும்” என்பார். பிளாக்கில் தண்ணீர்ச் சண்டை வந்தால்கூட இவரைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் எனக்கும் அதில் பெருமைதான். கட்சிக்காரன் பெண்டாட்டியாக இருப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று நினைத்தேன்.

இந்த விஷயத்தில் ஓர் அதிசயம் நடந்தது. முகம் கொடுத்துப் பேசாத அந்த இரண்டு சங்கங்களும் சிலம்பரசனுக்காக ஒரே கேட்டில் நின்று ஒரே கோஷம் போட்டன. இடதுக்கும் வலதுக்கும் நடுவில் நிற்க இடமே இல்லை. அப்பாடா, இந்த மனுஷன் இனி எங்கே போவார், பார்த்ததைச் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று இருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விசாரணை முடிந்து வந்தவர் முகம் கழுவிக்கொண்டு காபி கேட்டார்.

“என்ன சொன்னீங்க?”

“காண்டிராக்டர் ஆளுங்க என்ன சொன்னாங்க தெரியுமா? பெல்ட் நின்னுதான் இருந்துச்சாம், பையன் குடிச்சிட்டு வந்து அவனே சுவிட்சப் போட்டுட்டானாம். அநியாயம்னு முகத்துக்கு நேராவே சொல்லிட்டேன். அவன் குடிக்கல, பெல்ட் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சுன்னு சொன்னேன்.”

“சூப்பர்வைசர் விரட்டினத?”

காபியை நிதானமாக ஆற்றினார். “அதையும் சொன்னா சங்கத்துக்காரங்க பக்கம் மொத்தமா சாஞ்ச மாதிரி ஆயிரும்ல. பையனும் அவசரப்பட்டு உள்ள போயிட்டான், கொஞ்சம் பாத்துப் போயிருக்கலாம்னு சொன்னேன். ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு அகிலா.”

எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது. சிலம்பரசன் குடித்திருந்தான் என்பதை யாராவது நம்புவார்கள் என்று நினைத்து அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். எவ்வளவு தள்ளிப் போய் நின்று பொய் சொன்னால் இவர் எங்கே வந்து நிற்பார் என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய எனக்கு உறைக்காதது எவனோ ஒரு காண்டிராக்டருக்குத் தெரிந்திருக்கிறது.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். நேரில் பார்த்த, எந்தப் பக்கமும் சாராத சாட்சியே சொல்லிவிட்ட பிறகு சங்கங்கள் கத்தி என்ன பயன்? சத்யா இப்போது வடலூர் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் விற்கிறாள். மருந்து வாங்கப் போகிற நாட்களில் நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் ஓர் ஆள் வந்து ஒரு பெட்டி முந்திரி கேக் கொடுத்துவிட்டுப் போனான். காண்டிராக்டர் கொடுத்தனுப்பியது. இதுவரை அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு எதுவும் வந்ததில்லை.

“திருப்பிக் குடுத்துட்டு வாங்க” என்றேன்.

“அது மரியாதையில்ல. அதுக்காக முழுசையும் நாமளே வச்சுக்கிறதும் சரியில்ல.” யோசித்தார். அந்த யோசிக்கிற முகத்தைத்தான் பிளாக்கே மெச்சுகிறது. “ஒண்ணு பண்ணலாம். பாதிய நாம எடுத்துக்கிட்டு, பாதிய அந்தப் பொண்ணு சத்யாகிட்ட குடுத்துருவோம். பாவம், அவங்களுக்கும் தீபாவளிதானே.”

அவரே போய் ஓர் எவர்சில்வர் டப்பாவைக் கழுவித் துடைத்து எடுத்துவந்தார். பெட்டியைப் பிரித்து, தட்டில் ஒரு துண்டு, டப்பாவில் ஒரு துண்டு என்று மாற்றி மாற்றி அடுக்கினார். முடிவில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கத்தி எங்கே என்று என்னைக் கேட்டார்.