லேபிளில் குருவம்மாள்

உலக வர்த்தக வரலாற்றில் அருப்புக்கோட்டைக்கு அழியாத ஓர் இடம் உண்டு. துபாயில் ரஷீதின் மளிகைக்கடையில், பினாயில் பாட்டில்களுக்கு நேர் மேலே உள்ள தட்டு அது. தொண்ணூற்றொன்றாம் வருடம் அங்கே குருவம்மாள் எக்ஸ்போர்ட்ஸ் எலுமிச்சை ஊறுகாய் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தது, எழுந்திருக்கவேயில்லை.

அதுவரை பால்ச்சாமி வெறும் ஊறுகாய்க்காரர்; பந்தல்குடி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. முதல் லோடு தூத்துக்குடிக்குக் கிளம்பிய அன்று லாரிக்கு மாலை போட்டார், டிரைவருக்குப் போட்டார், மிச்சமிருந்ததைத் தானே போட்டுக்கொண்டார். பக்குவம் மட்டும் பழையது, இறந்துபோன மனைவி குருவம்மாளுடையது. மகள் தங்கச்செல்வி அதைப் பிசகாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பாட்டில் பாட்டிலாகக் குருவம்மாளின் முகம் கடல் தாண்ட வேண்டும் என்பது பால்ச்சாமியின் பிடிவாதம். உயிரோடு இருந்தவரை அவளைத் திருச்செந்தூருக்குக்கூட அவர் கூட்டிப்போனதில்லை.

லீவில் ஊருக்கு வந்த ரஷீத் நேராகக் கொட்டகைக்கு வந்தான்.

"சரக்குல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. லேபிளுதான் இடிக்குது."

"ஏம்ப்பா, சிவகாசியில மல்டி கலருல அடிச்சதுல்ல?"

"பாட்டிலை எடுக்குறாக, மூஞ்சியப் பாக்குறாக, வச்சிட்டுப் போயிர்றாக. ரூம்ல தனியாக் கெடக்கோம், இந்தம்மா முழிச்சுப் பாக்குறதுல சோறு எறங்கலங்குறாக." குரலை இறக்கினான். "வேற போட்டோ போடுங்க. இல்லாட்டி ஒரு எலுமிச்சம்பழத்தப் போட்டுருங்க. அப்பத்தான் அடுத்த லோடு எடுக்க முடியும்."

வேறு போட்டோ இல்லை. குருவம்மாள் இறந்த அன்று, தூக்குவதற்கு முன் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, ஸ்டுடியோ அருஞ்சுனை எடுத்த படம் அது. மூடிய இமைகளின் மேல் பிரஷ்ஷால் கண் வரைந்து கொடுத்திருந்தார். ஊரில் பல வீட்டுச் சுவர்களில் அப்படிப்பட்ட கண்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தன. யாருக்கும் சோறு இறங்காமல் போகவில்லை. ஏற்றுமதியில்தான் இந்தத் தொல்லை.

"எலுமிச்சம்பழத்தையே போட்டுருவோம்ப்பா" என்றாள் தங்கச்செல்வி.

"பழம் என்னத்துக்கு? அவ போகணும்."

படத்தைச் சட்டத்தோடு மஞ்சள் பைக்குள் திணித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார். அருஞ்சுனை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு அழுகைச் சத்தத்துல நானா ஒரு கண்ணு போட்டுட்டேன் அண்ணாச்சி. இப்ப நிதானமாச் செஞ்சிருவோம். சொல்லுங்க, மதினி கண்ணு எப்படி? பெருசா, இடுங்குனதா?"

பால்ச்சாமி வாயைத் திறந்தார். மஞ்சள் ஏறிய நகங்கள் நினைவுக்கு வந்தன. உப்புப் பார்க்கச் சொல்லி நீட்டிய கரண்டி வந்தது. ஜாடிக்கு மேல் குனிந்த தலை வந்தது. கோணாத வகிடு வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை.

"அவ எப்பவும் குனிஞ்சாப்புலதான இருப்பா" என்றார்.

"நல்லாருக்கே கதை! இத்தன வருசம் குடும்பம் நடத்தி, மூஞ்சியப் பாக்காமலா இருந்தீக?" அருஞ்சுனை சிரித்தார். பால்ச்சாமி சிரிக்கவில்லை என்று கண்டதும் பிரஷ்ஷை மையில் தொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சுவரில் ஒரு சோப்புக் கம்பெனி காலண்டர் தொங்கியது. அதிலிருந்த பெண்ணைக் காட்டி, "இந்த மாதிரி போட்டுருங்க" என்றார் பால்ச்சாமி.