வேலிக்கு வெளியே

வெர்லீன் மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தாள், ஓடெல் மறுமுனையைப் பிடித்தான். ராத்திரி பெய்த மழையில் சந்து முழுக்க ஈரம். மெத்தை மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது. அது அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆனால் ஓடெல் வாய் சும்மா இருந்தால்தானே யோசிக்க முடியும்.

"தூக்கும்மா தாயே. மெத்தையத் தடவிக்கிட்டு நிக்கிற, படுக்கப் போறியா?"

"இடுப்பு வலி உனக்கென்னய்யா தெரியும்? ஸ்டியரிங்கைப் பிடிச்சே தேஞ்ச ஆளு நீ."

மெத்தை வண்டிக்குள் போய் விழுந்தது. அடுத்து ஒரு கட்டில் சட்டம், நீல நிறத்தில் ஒரு சின்ன மேஜை, அட்டைப் பெட்டிகள், வாய் கட்டிய கறுப்புப் பைகள். பைகளை இருவரும் திறந்து பார்க்கவில்லை. திறக்கக் கூடாது. போன வருஷம் ஒரு பையைக் கிளறப்போய் ஓடெல் கையில் ஊசி ஏறி, அவன் மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனைக்கு அலைந்தான். வேலைக்குச் சேரும் எவருக்கும் மேற்பார்வையாளர் டாரியஸ் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: "வேலிக்கு உள்ள இருந்தா சாமான், வெளிய இருந்தா குப்பை. வீட்டுக்காரர் போன் பண்ணிட்டாருன்னா கேள்வி கேக்காம அள்ளு."

பால்டிமோர் நகரத்தில் வெதர்பி பகுதிக்காரர்கள் நகர வரி போதாதென்று தங்கள் மேல் தாங்களே இன்னொரு வரி போட்டுக்கொண்டவர்கள். அந்தப் பணத்தில் தனியாகத் துப்புரவு ஆட்கள், தனியாகக் காவல் வண்டி, அதையெல்லாம் நடத்த ஒரு வாரியம். மொத்தத்துக்கும் பேர் வெதர்பி நலவட்டாரம். வெர்லீன் சட்டையின் முதுகில் பச்சை எழுத்தில் அதுதான் இருந்தது. வேலைக்கு வந்து ஆறு வருஷமாகிறது. அவள் சேர்ந்தபோது இந்தச் சந்துகளில் எலி பூனையைத் துரத்தும். இப்போது புதுமணத் தம்பதிகள் நாயைக் கூட்டிக்கொண்டு உலாத்துகிறார்கள்.

கடைசிப் பெட்டியின் மூடி விலகியிருந்தது. மேலாக ஓர் இரும்பு வாணலி. கனமானது, பல வருஷம் எண்ணெய் குடித்துக் கருகருவென்று மின்னியது. கைப்பிடியில் செப்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒன்று வாங்க முடியுமா? எந்தப் புண்ணியவதி தூக்கிப்போட்டாளோ என்று நினைத்துக்கொண்டே வெர்லீன் அதை எடுத்து வண்டியின் முன்சீட்டில் வைத்தாள். குப்பையிலிருந்து ஒன்றும் எடுக்கக் கூடாதென்று விதி உண்டு. எடுக்காதவர்கள் என்று துப்புரவு ஆட்களின் கொட்டகையில் ஒருவரும் கிடையாது. டாரியஸ் வீட்டு மைக்ரோவேவே சந்தில் கிடைத்ததுதான்.

"இதால உன் புருஷன் மார்ட்டினைச் சாய்க்கப் போறியா?" என்றான் ஓடெல்.

"உன் மண்டையில ஒண்ணு போட. ஏறு வண்டியில."

அவளைக் கொட்டகையில் இறக்கிவிட்டு ஓடெல் குப்பை மேட்டுக்குப் போனான்.

கொட்டகை மேஜையில் பொரித்த மீன் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நிக்கோலெட் காத்திருந்தாள். அவளுக்குக் கடைத்தெரு வேலை. விடிந்ததிலிருந்து பேருந்து நிறுத்தங்களைப் பெருக்கிவிட்டு வந்திருந்தாள். முப்பதைத் தாண்டியவள், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். வட்டாரத்துக்கு உள்ளேயே வாடகைக்கு இருந்தாள், மகள் ஏரியலுடன். வீட்டுக்காரர் விட்டேக்கர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார். அதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "ஏரியா ரொம்ப அழகாயிடுச்சாம்க்கா. வீட்டை உடைச்சு மாத்திக் கட்டி விக்கப் போறாராம். நாம பெருக்கினது போதும்டா சாமி."

"இந்தா பாரு, இன்னிக்கு வேட்டை" என்று வெர்லீன் வாணலியை மேஜையில் வைத்தாள்.

"அட! எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குக்கா. எங்கம்மாவோடது. கைப்பிடி வழுக்குதுன்னு நானும் இப்படித்தான் கம்பி..."

கம்பியின் நுனியை அவள் விரல் தேடியது. நுனி உள்பக்கமாக மடித்துச் செருகியிருந்தது. வாணலியைத் திருப்பினாள். எண்ணெய் வடிக்கும் மூக்கில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. மெல்லுவதை நிறுத்தினாள்.

"எங்கக்கா எடுத்த?"

"லாரல் தெருவுக்குப் பின்னால, அந்தச் சந்துல. வீட்டுக்காரர் கூப்பிட்டாருன்னு..."

"என்னென்ன இருந்துச்சு?"

நிக்கோலெட் வீட்டுக்கு வெர்லீன் இரண்டு முறை போயிருக்கிறாள். இரண்டு முறையும் முன்வாசல் வழியாக, இருட்டிய பிறகு. பின்சந்துகளுக்கு எல்லாம் ஒரே முகம், செங்கல்லும் கம்பி வேலியும்.

"நீல மேஜை..." என்றாள்.

நிக்கோலெட் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "அது ஏரியலோடதுக்கா. நான்தான் பெயிண்ட் அடிச்சேன். மூட்டை கட்டி வச்சிருந்தேனே... எல்லாம் வீட்டுக்குள்ளதானே இருந்துச்சு!"

வெர்லீன் ஓடெலுக்குப் போன் போட்டாள். "யோவ், எங்க இருக்க?"

"வரிசையில. எனக்கு முன்னாடி ஒரு வண்டி."

"கொட்டாதய்யா! கொட்டாத! அது நிக்கோலெட் வீட்டுச் சாமான்!"

மறுமுனையில் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஏசுவே" என்றான் ஓடெல்.

வெர்லீனின் பழைய காரில் பறந்தார்கள். வழியெல்லாம் நிக்கோலெட் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். "மூச்சு மெஷின் அதுலதான்க்கா இருக்கு. ஏரியலோட மூச்சு மெஷின். குளிர் காலம்க்கா, அது இல்லாம ராத்திரி தாங்க மாட்டா." எந்தப் பையில் என்ன கனம் இருந்தது என்று வெர்லீனின் கைகள் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

குப்பை மேட்டின் பெரிய கூடாரத்துக்கு வெளியே ஓடெல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வண்டி காலி.

"நிறுத்தித்தான் வச்சேன், சத்தியமா. பின்னால ஆறு வண்டி. கீழ இறங்கிக் கெஞ்சினேன். 'உன் கதையைக் கேக்கவா நான் இங்க இருக்கேன்'னு குப்பை மேட்டு ஆளு வண்டியில ஏறி அவனே லீவரை இழுத்துட்டான்."

உள்ளே ஒரு மஞ்சள் இயந்திரம் குவியலைக் குழியை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. நீல மேஜையின் ஒரு கால் மட்டும் தெரிந்தது. நிக்கோலெட் உள்ளே ஓடப் பார்த்தாள். தலைக்கவசம் போட்ட ஒருவன் இரண்டு கைகளையும் விரித்து மறித்தான். இயந்திரம் பின்னால் வந்து மறுபடி முன்னால் போனபோது அந்தக் காலும் இல்லை. நிக்கோலெட் அழவில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள். அதைப் பார்க்க வெர்லீனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"நான்தான்டீ தூக்கிப் போட்டேன். இந்தக் கையாலதான் தூக்கிப் போட்டேன். பாவி, பாக்காமப் போயிட்டேனே!"

வீட்டுக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. உள்ளே யாரோ சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டதற்கு வந்த போலீஸ்காரர் இடிக்கிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது நீங்க கோர்ட்டுல பாத்துக்க வேண்டிய விஷயம்மா" என்றார். விட்டேக்கர் போனை எடுக்கவில்லை. ஆனால் சாயங்காலம் அவர் எங்கே இருப்பார் என்று வெர்லீனுக்குத் தெரியும். அன்று வாரியக் கூட்டம். விட்டேக்கர் வாரிய உறுப்பினர்.

கூட்டம் மாதா கோயிலின் கீழ்த்தள அறையில். நாற்காலிகளைப் போட்டு எடுப்பது துப்புரவு ஆட்கள் வேலை, அன்று முறை வெர்லீனுக்கும் நிக்கோலெட்டுக்கும். இருவரும் போட்டார்கள். பள்ளியிலிருந்து நேராக வந்த ஏரியல் கடைசி வரிசையில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழு வயது. "அம்மா, வீட்டுக்கு எப்பப் போறோம்?" என்று இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டாள்.

நீண்ட மேஜைக்குப் பின்னால் எட்டு நாற்காலி. ஏழில் வீட்டுச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்தார்கள். எட்டாவது வாடகைக்காரர்களுக்கு உரியது, இரண்டு வருஷமாகக் காலி. அதில் கோட்டுகளைப் போட்டிருந்தார்கள். தலைவி மார்ஜரி ப்ரூவிட் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, யாரிடமும் குரல் உயர்த்தாதவர். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மாத அறிக்கையை வாசித்தார்.

"நம்ம துப்புரவுக் குழுவைப் பத்திச் சொல்லியே ஆகணும். இன்னிக்குக் காலையிலகூட லாரல் தெருப் பின்சந்துல பெரிய குவியல். போன் வந்து ஒரு மணி நேரம் ஆகலை, இடம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. வெர்லீன், அங்கதானே இருக்கீங்க? எழுந்திருங்க, எல்லாரும் பாக்கட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். வெர்லீனுக்குக் காதில் அடி விழுந்த மாதிரி இருந்தது. எழுந்தாள், எழுந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் நிக்கோலெட்டும் எழுந்துவிட்டாள்.

"அந்தக் குவியல் என் வீடு, மேடம்."

கைதட்டல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

"பொதுமக்கள் பேச நேரம் கடைசியில இருக்கும்மா," என்றார் தலைவி கனிவாக. பிறகு நிக்கோலெட்டின் முகத்தைப் பார்த்து, "சரி, ரெண்டு நிமிஷம். வீடு உங்க பேர்லயா?"

"வாடகைங்க. ஆனா உங்க வட்டார வரியை நான்தான் கட்டறேன். வாடகைக்கு மேல தனியா வாங்கறாரு, இதோ உக்காந்திருக்காரே இவரு."

விட்டேக்கர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பாருங்க, நான் உள்ள போனப்ப எல்லாம் மூட்டை கட்டிக் கிடந்துச்சு. வேண்டாத சாமானை விட்டுட்டுக் கிளம்பிட்டாங்கன்னுதான் நினைச்சேன்."

"மாசக் கடைசி வரைக்கும் டைம் கொடுத்தது நீங்கதானே சார்? காலி பண்ணச் சொன்னீங்க, அதனாலதானே மூட்டை கட்டினேன்! கட்டாம விட்டிருந்தா குடியிருக்கேன்னு தெரிஞ்சிருக்குமா?"

"கொத்தனாருங்க இன்னிக்கு வந்தாத்தான் உண்டுன்னுட்டாங்க" என்றார் விட்டேக்கர் மேஜையைப் பார்த்து.

வெர்லீன் முன்னால் போனாள். வாணலியை மேஜையில் வைத்தாள். "அம்மா, கூலிக்கு வேலை செய்யறவ நான். அள்ளச் சொன்னீங்க, அள்ளினேன். பொண்ணோட மூச்சு மெஷினையும் சேர்த்து அள்ளிட்டேன். மிஞ்சினது இது ஒண்ணுதான். இவளுக்கு ஏதாவது செய்யுங்க."

ஓரத்தில் இருந்த ஓர் உறுப்பினர் வாணலியை எட்டிப் பார்த்தார். "ஒரு நிமிஷம். குப்பையில போனது உங்க கைக்கு எப்படி வந்தது?"

கதவருகே நின்ற டாரியஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

அதன் பிறகு பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். ஊழியர்கள் பொருள் எடுத்தால் நாளைக்கு வழக்கு வந்தால் யார் பொறுப்பு என்றார் ஒருவர். நலவட்டாரத்தின் அனுமதியைப் புதுப்பிக்கும் சட்டம் நகரசபைக்கு வரும் நேரம், இந்த மாதிரி தகராறு வெளியே போகக் கூடாது என்றார் இன்னொருவர். வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் நடுவில் வாரியம் வர முடியாது, நம் வேலை துப்புரவும் பாதுகாப்பும் மட்டுமே என்று தலைவி வருத்தத்தோடு சொன்னார். உண்மையான வருத்தம்தான், கண் கலங்கியிருந்தது. தன் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் தான் வாக்களிக்கப் போவதில்லை என்று விட்டேக்கர் அறிவித்தார். அவருடைய நேர்மையைக் குறிப்பில் பதியச் சொன்னார்கள்.

தீர்மானம் சின்னதுதான். சந்தில் அள்ளும் எந்தப் பொருளையும் ஊழியர்கள் வைத்துக்கொள்ளக் கூடாது, மீறினால் வேலை போகும். முதல் தடவை என்பதால் வெர்லீனுக்கு எச்சரிக்கை மட்டும். ஆறு கைகள் உயர்ந்தன.

"அவ்வளவுதானா?" என்றாள் வெர்லீன். சத்தமாகவே கேட்டுவிட்டாள். "அவ்வளவுதானாம்மா?"

எட்டாவது நாற்காலியிலிருந்து கோட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி போகிற போக்கில் நிக்கோலெட்டின் தோளைத் தொட்டு, தன் வீட்டு மாடியில் பழைய போர்வைகள் இருக்கின்றன, வேண்டுமானால் சந்துப் பக்கம் எடுத்து வைக்கிறேன் என்றார்.

டாரியஸ் வந்தான். தலை நிமிரவில்லை. "ஹாலை ஏழு மணிக்குக் காலி பண்ணிக் கொடுக்கணும். நாற்காலியெல்லாம் எடுத்துடுங்க."

நிக்கோலெட் ஒரு பக்கத்திலிருந்தும் வெர்லீன் மறுபக்கத்திலிருந்தும் மடக்கி அடுக்கிக்கொண்டு வந்தார்கள். இரும்பு நாற்காலிகள் சுவரில் சாயும் சத்தம் மட்டும். அறை காலியாகி, கடைசி வரிசையில் மூன்று நாற்காலிகள் மிஞ்சின. அவற்றின் மேல் ஏரியல் முழங்காலை மடக்கிப் படுத்துத் தூங்கிப்போயிருந்தாள். புத்தகப் பை தலைக்கு. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது.

தலைவி மார்ஜரி ப்ரூவிட் சாவிக்கொத்தோடு விளக்கு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கோட்டுப் பொத்தான்களைப் போட்டு முடித்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"அந்த மூணையும் எடுத்துடுங்கம்மா" என்றார், குரலை உயர்த்தாமல்.