வாய் வைக்காத காலம்

என் வீட்டுக்காரருக்கு வாய்தான் பிழைப்பு. பேசிப் பிழைப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பேண்டு குழுவில் டிரம்பெட் ஊதுகிறார். அந்தப் பித்தளை முனையை உதட்டில் வைத்து, முன்பற்களின் மேல் அழுத்தினால்தான் உச்ச ஸ்தாயி வரும். அந்த முன்பற்களில் ஒன்றுதான் கொஞ்ச காலமாக அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கண்ணில் நீர் வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார் என்று சொல்லலாமென்றால், கடித்தால்தானே உயிர் போகிறது. ஒத்திகையில் உச்ச ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் சத்தம் பாதியில் அறுந்தது. இப்படியே போனால் டிரம்பெட்டை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு இவரை ஜால்ரா தட்டச் சொல்ல வேண்டியிருக்கும் என்று குழுவை நடத்தும் மாஸ்டர் நல்லவிதமாகவே சொல்லிவிட்டாராம். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒருமுறைகூட ஜால்ரா போடாத மனிதர். வேறொரு நேரமென்றால் சிரித்திருப்பேன். அன்று அவர் வந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

இத்தனைக்கும் எங்களுக்குப் பல் காப்பீடு இருக்கிறது. நான் இஸ்திரி போடும் சலவை நிலையத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து நிர்வாகமே எடுத்துக் கொடுத்தது. டாக்டரிடம் போகலாம் வாருங்கள் என்று கூப்பிடும்போதெல்லாம், காத்திருப்புக் காலம் முடியவில்லை, ஒரு வருஷம் ஆகட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் படித்துப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று நானும் நம்பினேன்.

அன்று விடவில்லை. சும்மா காட்டிவிட்டு வந்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்டேன்.

“நடுவுல போனா திரும்ப முதல்லேருந்து எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. காத்திருப்புன்னா அப்படித்தானே?” என்றார்.

முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். அவர்கள் குழுவில் மற்ற வாத்தியங்கள் வாசிக்கும்போது டிரம்பெட்காரர் சும்மா இருந்து தாளம் எண்ண வேண்டும். அதற்குப் பெயர் காத்திருப்பு. தன் இடம் வரும்வரை கருவியில் வாய் வைக்கக் கூடாது. தெரியாமல் ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் மாஸ்டர் எல்லோரையும் நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். இவர் காப்பீட்டுக் கம்பெனியையும் இன்னொரு மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டு, வாயை யாரிடமும் காட்டாமல் மாதக்கணக்கில் தாளம் எண்ணியிருக்கிறார்.

மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் பாவம், தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் பொறுமையாகச் சொன்னாள். காத்திருப்புக் காலம் எல்லாச் சிகிச்சைக்கும் ஒரே மாதிரி கிடையாதாம். பரிசோதனை, எக்ஸ்ரே, சுத்தம் செய்வது இவற்றுக்கு முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். சொத்தையை அடைக்க ஆறு மாதம். எங்களுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. பல்லின் மேல் உறைபோலக் கேப் போடுவது, பல் கட்டுவது போன்ற பெரிய வேலைகளுக்குத்தான் ஒரு வருஷம். நடுவில் டாக்டரைப் பார்த்தால் கணக்கு திரும்ப ஆரம்பிக்குமா என்று கேட்டேன்.

“அப்படியெல்லாம் இல்லம்மா. அது பாட்டுக்கு ஓடும். காத்திருக்கிறது நாங்க பணம் கொடுக்கறதுக்குத்தான். நீங்க டாக்டர்கிட்ட போறதுக்கு இல்ல,” என்றாள்.

மறுநாள் காலையில் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பல் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். சொத்தை நரம்புக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது, ஆனால் தொடவில்லை. இன்றைக்கு அடைத்தால் போதும். வருஷம் முடியட்டும் என்று இருந்திருந்தால் வேர் சிகிச்சை, கேப் என்று போயிருக்கும், பல்லே போயிருந்தாலும் ஆச்சரியமில்லை என்றார். காத்திருந்து காத்திருந்து சின்ன வேலையைப் பெரிய வேலையாக்கி, அதற்குப் பணம் வாங்கத் தகுதியும் பெற்றிருப்பார் என் வீட்டுக்காரர்.

அடைத்து முடித்ததும் மரத்துப்போன வாயால் என்னவோ கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை.

“திரும்ப ஊதலாமான்னு கேக்கறார்,” என்றேன்.

இரண்டு நாள் போகட்டும், மெதுவாக ஆரம்பித்து, அப்புறம் தாராளமாக ஊதலாம் என்றார் டாக்டர்.

வார விடுமுறையன்று டிரம்பெட்டை எடுத்தார். கீழ் ஸ்தாயியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனார். நான் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திக் குழாயை மூடினேன். வழக்கமாக அறுந்துபோகும் இடம் வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் அறுபடவில்லை. வீடு முழுக்க நிறைந்து அப்படியே நின்றது. ஊதி முடித்து, நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார்.

“வலிக்கல,” என்றார்.

“இன்னொரு தடவை ஊதுங்க,” என்றேன். அதிகாரமாகத்தான் சொன்னேன். அவ்வளவு சந்தோஷத்தை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.