எது பிடிக்குது

வங்கியில் என் கணவருக்குத் தூண் என்று பெயர். வாசல் கதவுக்குப் பக்கத்தில், இடுப்பில் ரிவால்வரோடு, காவலுக்கு அவர் ஆடாமல் அசையாமல் நிற்பதைப் பார்த்து யாரோ வைத்தது. தூணுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிற வங்கி நம்முடையது ஒன்றுதான் என்று காசாளர் அம்மா சொல்வாராம். அதை இவர் வீட்டில் வந்து பெருமையாகத்தான் சொல்வார்.

அந்தத் தூணின் வலது கை நடுங்க ஆரம்பித்து ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆகிவிட்டன. எங்கள் இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. தேநீர்க் கோப்பையை நான் முழுக்க நிரப்புவதை நிறுத்தினேன். ஏன் குறைகிறது என்று அவர் கேட்கவில்லை. ஒருநாள் சீருடைச் சட்டைக்கு நானே பொத்தான் போட்டுவிட்டேன். மறுநாள் அவராகவே என் முன்னால் வந்து நின்றார். கல்யாணமான புதிதில்கூட இப்படி வந்து நின்றதில்லையே என்று கிண்டல் செய்தேன். அவர் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருப்பதும் ஒரு மரியாதைதான் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் பொத்தான் வேறு, துப்பாக்கி வேறு. அந்த வாசலில் நாள் முழுக்க ஆட்கள் போய் வந்துகொண்டிருப்பார்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்கள், ஓய்வூதியம் வாங்க ஊன்றுகோலோடு வருகிறவர்கள். உள்ளே ஏதோ கலவரம் என்று இவர் துப்பாக்கியை உருவி அந்தக் கையால் குறி வைத்தால்? அந்த எண்ணம் வந்த பிறகு எனக்கு மத்தியானத் தூக்கம் போயிற்று.

வருடாந்திரச் சுடும் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கி அவருக்குச் சொந்தமானது. உரிமமும் அவர் பெயரில்தான். தேர்வுக்கு முன்னால் அதன் பிடியை மாற்ற வேண்டும் என்றார். வெயிலுக்குக் கை வேர்க்கிறதாம், பழைய மரப்பிடி தேய்ந்து வழுக்குகிறதாம். என்னையும் கூப்பிட்டார். செருப்பு வாங்கப் போனாலும் நான் சரி என்றால்தான் அவருக்குச் சரி.

எண்ணெய் வாசனை அடிக்கும் குறுகிய கடை. கடைக்காரர் ரிவால்வரின் உருளையைத் திறந்து, சுற்றி, குண்டு இல்லை என்று எங்கள் இருவருக்கும் காட்டினார். பிறகு ஒரே ஒரு திருகாணியைக் கழற்ற, பிடி இரண்டு பாதியாகப் பிரிந்து வந்தது. என் கணவரின் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்த மரம். அது இல்லாமல் துப்பாக்கி உரித்து வைத்ததுபோல் கிடந்தது.

கடைக்காரர் மேசைமேல் இரண்டு ஜோடிப் பிடிகளை வைத்தார். ஒன்று மெருகேற்றிய வழவழப்பான மரம். இன்னொன்று கறுப்பு, மேலெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாகச் செதுக்கிய சொரசொரப்பு.

"ரெண்டும் நல்ல குடும்பத்துப் பொண்ணுங்கதான் அண்ணே. குணம்தான் வேற" என்றார் கடைக்காரர்.

வழவழப்பானது சட்டையில் சிக்காமல் சட்டென்று வெளியே வரும், ஆனால் சுட்டதும் கைக்குள் திரும்பிக்கொள்ளும். சொரசொரப்பானது துணியை இழுக்கும், தோலைக் கடிக்கும், ஆனால் வைத்த இடத்தில் இருக்கும். எது பிடிக்குது என்று பாருங்கள் என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லுக்கு விருப்பம் என்று பொருளில்லை. எது கையில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் வழவழப்பானதை மாட்டினார். என் கணவர் சுவரில் இருந்த நாட்காட்டியைக் குறி பார்த்தார். குழாயின் நுனி ஆடியது. நான் நாட்காட்டியைப் பார்த்தேன். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்து சொரசொரப்பானது. விரல் முட்டிகள் வெளுக்க இறுக்கிப் பிடித்தார். நுனி அப்படியே நின்றது.

"நின்னுருச்சு பாத்தியா?" என்றார் என்னிடம், முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையைப்போல.

நின்றுவிட்டது என்றால், அதுவரை நிற்கவில்லை என்று பொருள். எங்களுக்கிடையில் அது சொல்லாக வந்தது அப்போதுதான். அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். துப்பாக்கியை மெல்லக் கீழே வைத்தார். உள்ளங்கை முழுவதும் சிவப்புக் கட்டங்கள் பதிந்திருந்தன.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க அண்ணி. எது பிடிக்குது?"

சொரசொரப்பு என்றால் தேர்வில் தேறிவிடுவார். மறுபடியும் அந்த வாசல். வழவழப்பு என்றால், தூண் என்று பெயர் வைத்தவர்கள் எதிரிலேயே தோற்பார், நான் ஒன்றும் தெரியாதவள்போல் வீட்டில் காத்திருப்பேன். இரண்டில் எதைச் சொன்னாலும், நான் சொல்ல வேண்டியதை ஒரு பிடியைக் கொண்டு சொல்ல வைக்கிறேன்.

"எனக்கு ரெண்டும் பிடிக்கலை" என்றேன்.

"ஆமா, பொம்பளைங்க கைக்கு இது பெருசு. சின்னது இருக்கு, இருங்க" என்று கடைக்காரர் உள்ளே போய்ப் பெட்டிகளை உருட்டத் தொடங்கினார். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்போம்.

"ரெண்டுமேவா?" என்றார் என் கணவர், தணிந்த குரலில்.

"இங்க நின்னுருச்சு. வாசல்ல நிக்குமாங்க?"

அவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழந்தை குட்டி வர்ற இடம். யார் மேலயாவது பட்டா நீங்க தாங்க மாட்டீங்க."

"தூண் ஆடுதுன்னு சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

உள்ளே ஏதோ பெட்டி விழுந்தது. அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கடைக்காரர் சின்னப் பிடி ஒன்றோடு வந்தபோது, பழையதையே மாட்டிவிடச் சொன்னார்.

"அது வழுக்குமே அண்ணே."

"வழுக்கட்டும் தம்பி. நான் இனிமே பிடிக்கப்போறதில்ல. யாராவது வாங்குனா, அவன் கைக்கு எது பிடிக்குதோ பாத்துக்கட்டும்."

கடைக்காரர் அவரையும் என்னையும் பார்த்தார். ஒரு நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டுவிட்டுத் திருகாணியை எடுத்தார்.

பேருந்தில் அவர் கையைத் தொடைமேல் திறந்து வைத்திருந்தார். அது நடுங்கியது. சட்டைப்பைக்குள் விடவில்லை, இடது கையால் மூடவும் இல்லை. கட்டங்கள் ஒவ்வொன்றாக மங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கட்டைவிரல் அடியில் இருந்தது மட்டும் வீடு வரை இருந்தது.

மறுநாள் காலை வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லக் கிளம்பினார். சீருடை வேண்டாம் என்று வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். நான் கழுத்துப் பொத்தானில் தொடங்கினேன். அவர் மின்விசிறியைப் பார்க்கவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார், கடைசிப் பொத்தான் வரை.