சந்தனப் பொட்டு வைத்த சீடி

வேலுசாமி மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. வெள்ளவத்தையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணப் படம் எடுப்பதில் கெட்டிக்காரன், கம்பியூட்டர் என்றால் மட்டும் சுத்த மக்கு. கொச்சிக்கடையில் கம்பியூட்டர் திருத்தும் ஸமீமாகிய நான்தான் அவனுக்கு வைத்தியன்.

சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-நைன் பாதை மூடிக் கிடந்த வருஷம் அது. ஒரு பின்னேரம் வேலுசாமியிடமிருந்து போன் வந்தது.

"பாய், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. இங்க டோரின் அழுதுகிட்டு நிக்குது."

கொட்டாஞ்சேனை டோரினின் புருஷன் கல்யாணமான கையோடு கனடாவுக்குப் போனவன், ஆல்பத்தையும் கொண்டுபோய்விட்டான். அவன் திருப்பி அனுப்பிய பார்சல் வந்துசேரவில்லை. மறுநாள் காலை அவளுக்கு எம்பசியில் இன்டர்வியூ. கல்யாணம் உண்மையானது என்று காட்டப் படம் வேண்டும். இல்லாவிட்டால் விசா இல்லை, இன்னும் எத்தனை வருஷம் பிரிந்திருப்பதோ.

கல்யாணத்தில் படம் எடுத்தது வேலுசாமிதான், ஆனால் அந்தப் படங்கள் இருந்த அவனுடைய கம்பியூட்டர் இடிமின்னலில் கருகிவிட்டது. நல்லவேளை, பிரதிகள் சீடியில் இருந்தன. கடவுச்சொல் போட்டுப் பூட்டிவைக்கும் மென்பொருளை நான்தான் கொடுத்திருந்தேன். அது எக்ஸ்பி என்ற பழைய சிஸ்டத்தில் மட்டும் ஓடும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. இவன் என்னைக் கேட்காமல் அதற்கடுத்து வந்த விஸ்டா போட்ட புது மெஷின் வாங்கிவிட்டான். அதில் அந்த மென்பொருள் ஏறவே மாட்டேன் என்றது.

என் கடையிலிருந்த பழைய எக்ஸ்பி மெஷினைத் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். செக் பொயின்ட்டில் வயரும் பெட்டியுமாய்ப் பார்த்த சிப்பாய்க்கு, குண்டோ என்று முகம் மாறிவிட்டது.

"மொகத்த மே?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"பறண கம்பியூட்டர் எக்கக், மஹத்தயா. மகுல் போட்டோ கண்ட."

பழைய கம்பியூட்டர்தான், கல்யாணப் படம் எடுக்க என்று நானும் சிங்களத்தில் சொன்னதும் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, சிரித்து அனுப்பினான்.

ஸ்டூடியோவுக்கு வந்து சீடிகளைத் திருப்பினேன். மூன்றிலும் மினுங்குகிற பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன.

"இது என்னத்துக்கு?"

"சரஸ்வதி பூசைக்கு வச்சதுங்க. மத்தப் பக்கம் வச்சா எழுதின பேரு மறஞ்சிருமே!"

"படம் ஈக்கிறதே இந்தப் பக்கம்தான்யா!"

பொட்டைக் கத்தியால் சுரண்டி இரண்டைக் கீறியும் வைத்திருந்தான். தாலி கட்டியது, மோதிரம் மாற்றியது எல்லாம் அவற்றில்தான். அவை திறக்கவில்லை. டோரின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவதை ஒருவரையும் தொடவிடவில்லை. தண்ணீரில் ஊறவைத்து, பஞ்சால் மெல்லத் துடைத்து, பிஸ்மி சொல்லிப் போட்டேன். திறந்தது. ஆனால் உள்ளே முழுக்கச் சாப்பாட்டுப் பந்தி. மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்திருந்தது ஒரே ஒரு படம். டோரினின் மூக்கில் கேக் கிறீம், அவன் கைக்குட்டையால் துடைக்கிறான், இரண்டு பேரும் கண்மூடிச் சிரிக்கிறார்கள்.

"ஐயோ, இது பழுதுன்னு ஒதுக்கினதுங்க," என்றான் வேலுசாமி.

"இதையே பெருசா அடிச்சுத் தாங்கண்ணே," என்றாள் டோரின்.

மறுநாள் மத்தியானம் வரை எனக்கு வேலை ஓடவில்லை. போன் அடித்ததும் பாய்ந்து எடுத்தேன்.

"ஸமீம் அண்ணே, விசா ஓம் எண்டுட்டாங்க! இன்டர்வியூ எடுத்த மிஸ் கனக்கக் கேள்வி கேட்டவ. பிறகு படத்தை நீட்டினன். பார்த்துட்டு அவவும் சிரிச்சிட்டா. பிறகு ஒண்டும் கேக்கேல்ல."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பிறகு வேலுசாமிக்குப் போன் எடுத்து, நல்ல சேதியைச் சொல்வதற்கு முன்னால் ஆசைதீரத் திட்டினேன்.